85 லட்சம் கம்ப்யூட்டர்கள் ஒரே நாளில் படுத்தது ஏன்? 44 வருடத்துக்கு முன்பே மேடை ஏறி எச்சரித்தவர் கதை!

2024-ம் வருடம் ஜூலை 19-ந்தேதி, வெள்ளிக்கிழமை. காலை மணி 9.40 இருக்கும்.

உலகம் முழுக்க ஆபீஸ்களில் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக நீலத் திரையைக் காட்டிவிட்டுப் பொசுக்கென்று நின்றன. நிறுத்தி மறுபடி ஓட்டினால் மறுபடியும் அதே நீலத் திரை!

விமான நிலையங்களில் ஒரே கூச்சல், குழப்பம். நம் நாட்டு விமான நிலையங்களில் ஊழியர்கள் பேனாவைத் தேடி எடுத்து, போர்டிங் பாஸைக் கையாலேயே எழுதிக் கொடுத்தார்கள். வெளிநாடுகளில் சில ஆஸ்பத்திரிகள் ஆபரேஷன்களைத் தள்ளிப்போட்டன.

திருடன் புகுந்துவிட்டானா? எதிரி நாட்டுச் சதியா? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

திருடனும் இல்லை, சதியும் இல்லை. காவல்காரனே தடுக்கி விழுந்த கதை அது.

கம்ப்யூட்டர்களைத் திருடர்களிடமிருந்து காக்கும் புரோகிராமைத் தயாரிக்கும் அமெரிக்கக் கம்பெனி 'கிரவுட்ஸ்டிரைக்'. அன்று காலை அது அனுப்பிய ஒரு சின்னத் தகவல் கோப்புதான் இத்தனையையும் சாய்த்தது. 78 நிமிடத்தில் கோப்பை வாபஸ் வாங்கினார்கள். என்ன பிரயோசனம்? விழுந்தது விழுந்ததுதான். பல இடங்களில் ஆட்கள் போய் ஒவ்வொரு மிஷினாகத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. மைக்ரோசாப்ட் கம்பெனி போட்ட கணக்கின்படி விழுந்தவை 85 லட்சம்.

21-வது எங்கே?

நடந்தது என்ன என்று கிரவுட்ஸ்டிரைக் கம்பெனியே அடுத்த மாதம் விவரமாக அறிக்கை விட்டது. விஷயம் இவ்வளவுதான். வந்த கோப்பு 21 தகவல்களைக் கேட்டது. புரோகிராம் கையில் வைத்திருந்தது 20. இருபத்தொன்றாவதை எடுக்கப் போய், தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் கையை விட்டது. கம்ப்யூட்டர் அங்கேயே செத்தது.

ரெயிலில் போகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பழைய ஸ்லீப்பர் பெட்டியில் 72 பெர்த். யாராவது 73 என்று எழுதிய டிக்கெட்டோடு வந்தால், "அப்படி ஒரு பெர்த்தே கிடையாது, இறங்குங்க சார்" என்று டி.டி.ஆர். தடுப்பார். தடுக்க ஆளில்லை, ஆசாமிக்கும் கண் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 71, 72 என்று தடவிக்கொண்டே போய், 73-ஐத் தேடி ஓடுகிற ரெயிலுக்கு வெளியே காலை வைப்பார்.

புரோகிராமுக்கும் ஒரு டி.டி.ஆர். உண்டு. கேட்கிற நம்பர் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு வரிச் சோதனை. அந்த இடத்தில் அந்தச் சோதனை இல்லை என்று அறிக்கையே ஒப்புக்கொண்டது. அதே மாதிரிக் கோப்புகள் மார்ச் மாதத்திலிருந்து போய்க்கொண்டுதான் இருந்தன. அவற்றில் 21-வது தகவலை எட்டிப் பார்க்கும் அவசியம் வரவில்லை. அதனால் நாலு மாதமாக ஓட்டை வெளியே தெரியவில்லை.

இந்தச் சோதனையை எடுக்காதே, எடுத்தால் ஆபத்து என்று ஒரு மனிதர் 1980-லேயே மேடை போட்டுச் சொல்லியிருக்கிறார் என்பதுதான் வேடிக்கை.

கொழும்பில் பிறந்தவர்

அவர் பெயர் சார்லஸ் ஆண்டனி ரிச்சர்ட் ஹோர். சக தொழில்காரர்களுக்கு டோனி ஹோர். வெள்ளைக்காரர். ஆனால் 1934-ம் வருடம் ஜனவரி 11-ந்தேதி பிறந்தது நம் பக்கத்து ஊரான கொழும்பில்! அப்பா அப்போதைய பிரிட்டிஷ் ஆட்சியில் உத்தியோகஸ்தர். அம்மா தேயிலைத் தோட்டக்காரர் வீட்டுப் பெண்.

ஆக்ஸ்போர்டில் அவர் படித்தது கணக்கும் இல்லை, மிஷினும் இல்லை. லத்தீன், கிரேக்கம், தத்துவம். பிறகு கட்டாய ராணுவ சேவைக்காகக் கடற்படையில் சேர்ந்தார். அங்கே ரஷ்ய மொழி கற்றுக்கொண்டார். அந்த மொழி அவரை மாஸ்கோ சர்வகலாசாலையில் கொண்டு போய் விட்டது.

ரஷ்ய மொழியைக் கம்ப்யூட்டரை வைத்து இங்கிலீஷில் பெயர்க்க முடியுமா என்று அங்கே யோசித்தார். அகராதி காந்த நாடாவில் இருந்தது. தேட வேண்டுமானால் வாக்கியத்தில் உள்ள வார்த்தைகளை முதலில் அகர வரிசையில் அடுக்க வேண்டும். எப்படி வேகமாக அடுக்குவது? அப்போது பிறந்த யுக்திதான் 'குவிக்சார்ட்'.

ஆபீஸ் குமாஸ்தாக்கள் இதை இன்றே செய்து பார்க்கலாம். நூறு பைல்கள் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஏதாவது ஒன்றை எடுங்கள். அதைவிடச் சின்ன நம்பரெல்லாம் இடது பக்கம், பெரிய நம்பரெல்லாம் வலது பக்கம். இப்போது இரண்டு குவியல். ஒவ்வொரு குவியலிலும் அதே வேலையைத் திரும்பச் செய்யுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் வரிசைக்கு வந்துவிடும்.

1960-ல் லண்டன் பக்கம் எலியட் பிரதர்ஸ் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அடுக்குவதற்கு வேறொரு முறையைப் புரோகிராமாக எழுதும்படி மேலதிகாரி சொன்னார். ஹோர் எழுதிக் கொடுத்துவிட்டு, இதைவிட வேகமான வழி தன்னிடம் இருக்கிறது என்றார். "ஆறு பென்ஸ் பந்தயம், முடியாது!" என்ற தோரணையில் மேலதிகாரி மடக்கினார். தோற்றார். ஆறு பென்ஸையும் கொடுத்தார்.

பந்தயம் ஜெயித்த கதையோடு நின்றிருந்தால் அவரும் ஆயிரத்தில் ஒரு கெட்டிக்காரர். அடுத்து நடந்ததுதான் விசேஷம்.

நொடிக்கு 2 எழுத்து!

எலியட் கம்பெனி '503' என்ற கம்ப்யூட்டரை விற்றது. அதற்கு 'மார்க் 2' என்ற பெயரில் பிரமாதமான புரோகிராம் தொகுப்பு வரப்போகிறது என்று வாடிக்கையாளர்களிடம் அளந்தது. திட்டம் போட்டவர் ஹோர். நடத்தியவரும் அவரே.

தேதி தள்ளிப் போனது. இன்னும் தள்ளிப் போனது. ஒரு வழியாக ஓட்டிப் பார்த்தபோது எல்லோருக்கும் மூச்சே நின்றுவிட்டது. மனிதன் எழுதியதை மிஷின் பாஷைக்கு மாற்றும் பகுதி, நொடிக்கு 2 எழுத்துதான் விழுங்கியது! முன்பே கையில் இருந்த பழைய புரோகிராம் நொடிக்குச் சுமார் 1,000 எழுத்து விழுங்கிக்கொண்டிருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்திரிகையில் ஒரு பக்கத்துக்கு 10 ஆயிரம் எழுத்து என்று வைத்தால், பழையதுக்கு 10 விநாடி. புதியதுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

காரணம் என்ன? வேகமான சின்ன ஞாபகப் பெட்டிக்கும், மெதுவான பெரிய ஞாபகப் பெட்டிக்கும் இடையே சாமான்களை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு அலைவதிலேயே மிஷினுக்குப் பொழுது போய்விட்டது. கடையில் இடமில்லாமல், ஒவ்வொரு கிராக்கிக்கும் கோடவுனுக்கு ஓடுகிற மளிகைக்காரர் கதைதான்.

ஒரு வாரம் முட்டி மோதி நொடிக்கு 4 எழுத்து ஆக்கினார்கள். இன்னும் இரண்டு வாரத்தில் 8. அதற்கு மேல் மாவு எவ்வளவு கொட்டினாலும் பணியாரம் வேகவில்லை. ஆயிரம் எங்கே, எட்டு எங்கே?

திட்டத்தையே தலைமுழுக வேண்டியதாயிற்று. வீணானது 30 மனித வருடங்களுக்கு மேற்பட்ட உழைப்பு. 28 வயதில் வேலைக்குச் சேர்ந்து 58-ல் ரிட்டையர் ஆகும் ஒரு ஆளின் முழு உத்தியோக காலம் குப்பைக்கூடைக்குப் போனதற்குச் சமம்.

வாடிக்கையாளர்களைக் கூட்டி வைத்தார்கள். வாக்குக் கொடுத்த புரோகிராமில் ஒரு வார்த்தைகூட உங்களுக்கு வரப்போவதில்லை என்று கம்பெனி அதிகாரி எழுந்து சொன்னார். ரொம்ப மெல்லிய குரலில் சொன்னாராம். காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்ததால் யாருக்கும் சத்தம் போடத் தோன்றவில்லை! எந்த ஆபீஸ் மேனேஜரும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டிய தந்திரம்.

ஹோருக்கு மட்டும் அந்த அமைதி வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டின்போது, ஏமாந்த வாடிக்கையாளர்களே அவரைத் தேற்றினார்கள். இது வராது என்று எங்களுக்கு எப்போதோ தெரியும், வந்திருந்தாலும் உபயோகிக்கத் தெரிந்திருக்காது என்று ஆறுதல் சொன்னார்களாம்.

பெரியவர் போட்ட சத்தம்

எங்கே தவறியது என்று ஹோர் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தார். ஆளுக்கொரு காரணம்.

கடைசியில் தாய்க் கம்பெனியின் பெரிய மேனேஜர் அவர் அறைக்குள் நுழைந்தார். எப்போதுமே சத்தம் போட்டுப் பேசுகிறவர். உனக்கே புரியாத காரியங்களை உன் ஆட்கள் செய்யும்படி விட்டுவிட்டாய், அதுதான் தப்பு என்று கத்தினார்.

ஹோருக்கு ஆச்சரியம். இவ்வளவு பெரிய புரோகிராமை ஒரே ஆள் முழுக்கப் புரிந்துகொள்வதாவது? காலம் தெரியாத மனுஷர் என்றுதான் முதலில் நினைத்தார். பிற்பாடுதான் பெரியவர் சொன்னது அத்தனையும் சரி என்று உறைத்தது.

மீட்பு வேலையும் ஹோர் தலையிலேயே விழுந்தது. இந்தத் தடவை அவர் சட்டம் வேறு. வாடிக்கையாளர்களைக் குழு குழுவாகப் பிரித்தார். ஒவ்வொரு குழுவுக்கும் சில புரோகிராமர்கள். குழுத் தலைவர் நேரில் போய் என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். கேட்டதில் எது சுலபமோ அதை எடுத்துத் திட்டம் போடலாம். வாக்கு மட்டும் கொடுக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு மேல் பிடிக்கும் வேலையைத் தொடவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, ஹோருக்குப் புரியாத எதையும் யாரும் செய்யக் கூடாது.

சொன்ன தேதிக்குச் சரக்கு வர ஆரம்பித்தது. ஒரு வருடத்தில் தலை தப்பியது. இரண்டு வருடத்தில் ஓரளவு திருப்தியான வாடிக்கையாளர்களே கிடைத்துவிட்டார்கள்.

பரிசு மேடையில் பாவமன்னிப்பு

இத்தனையும் வெளியே வந்தது எப்படி? அவரே சொன்னார்!

1980-ம் வருடம் அக்டோபர் 27-ந்தேதி அமெரிக்காவில் நாஷ்வில் நகரில் அவருக்கு 'டூரிங் பரிசு' கொடுத்தார்கள். கம்ப்யூட்டர்காரர்களுக்கு அதுதான் நோபல் பரிசு மாதிரி. அப்போது ஆக்ஸ்போர்டில் புரபசர். வயது 46. இப்படிப்பட்ட மேடையில் பெருமை பேசுவதுதான் உலக வழக்கம். இவர் பேச்சில் பெரும்பங்கு, தான் கோட்டைவிட்ட கதை!

அந்தப் பேச்சில்தான் டி.டி.ஆர். சமாசாரமும் வந்தது.

எலியட் கம்பெனியில் 'அல்கால்' மொழிக்காக அவர் தயாரித்த புரோகிராமில், ஒரு பட்டியலிலிருந்து எதை எடுத்தாலும் அந்த நம்பர் எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் மிஷின் சோதிக்கும். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பல வருடம் கழித்து வாடிக்கையாளர்களைக் கேட்டார்கள். நிஜ வேலை ஓடும்போது வேகத்துக்காக இந்தச் சோதனையை நிறுத்திக்கொள்ளலாமா, ஒரு சுவிட்ச் வைத்துத் தரட்டுமா?

வேண்டவே வேண்டாம் என்றார்கள் அத்தனை பேரும் ஒரே குரலில். நிஜ வேலையில் இந்தத் தப்பு எத்தனை தடவை வருகிறது, கவனிக்காமல் விட்டால் என்ன கதி ஆகும் என்பது பட்டறிந்தவர்களுக்குத் தெரியும்.

பணம் கொடுத்த வாடிக்கையாளர்களுக்குப் புரிந்தது, மொழிகளைத் தயாரிக்கும் மேதாவிகளுக்கு 1980 ஆகியும் புரியவில்லையே என்று ஹோர் மேடையிலேயே கவலைப்பட்டார். மற்ற இன்ஜினீயரிங் தொழில்களாக இருந்தால் இந்தப் பாதுகாப்பை விடுவது சட்டப்படி குற்றமாகியிருக்கும் என்றும் ஒரு போடு போட்டார்.

இதையே 1973-ல் வேறு விதமாகக் கேட்டிருந்தார். தரையில் பழகும்போது மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கடலுக்குப் போகும்போது கழற்றி வைக்கிற படகுக்காரரை என்னவென்று சொல்வது? புரோகிராமைச் சோதித்துப் பார்க்கும்போது பாதுகாப்பை வைத்துக்கொண்டு, நிஜ வேலைக்கு அனுப்பும்போது எடுத்துவிடுகிறவர்களுக்குக் கொடுத்த சூடு அது. வாசலில் நிற்கிற ஸ்கூட்டரில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்துவிட்டு, அண்ணா சாலைக்கு வந்ததும் அதை ஹாண்டிலில் மாட்டுகிற ஆசாமிகள் நம் ஊரிலும் உண்டு.

அதே மேடையில் அமெரிக்க ராணுவ இலாகாவையும் அவர் விடவில்லை. 'அடா' என்ற புது மொழியை அப்போது அவர்கள் கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். அதில் எல்லைச் சோதனை இருந்தது. ஹோரின் சண்டை அதன் பருமனோடு. இத்தனை வசதிகளை ஏற்றிக் குழப்பிய மொழியை நம்பி முக்கிய ஆயுதங்களை ஓட்டினால், ஒரு நாள் சொந்த ஊர் மேலேயே குண்டு விழலாம் என்று எச்சரித்தார். பழைய உடையைக் கழற்றாமல் அதன் மேலேயே புது உடையைப் போட்டுக்கொண்டே போன ஒரு ராஜாவின் கதையையும் சொன்னார்.

போலீஸ் கேஸ்

எச்சரிக்கை காற்றோடு போனது. 8 வருடம்தான் ஆனது.

1988-ம் வருடம் நவம்பர் 2-ந்தேதி, ராபர்ட் டாப்பன் மாரிஸ் என்ற அமெரிக்க மாணவர் ஒரு 'புழு' புரோகிராமைக் கம்ப்யூட்டர் வலையில் அவிழ்த்துவிட்டார். அது நுழைந்த வழிகளில் ஒன்று, வருகிற எழுத்துக்களை அளவு பார்க்காமல் வாங்கிக்கொண்ட ஒரு சின்ன புரோகிராம். 512 எழுத்துக்கு இடம். அதற்கு மேல் திணித்தால் நிரம்பி வழிந்தது. வழிந்த இடத்தில் புழு புகுந்தது. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஸ்தம்பித்தன.

கேஸ் நடந்தது. 3 வருடம் கண்காணிப்பு, 400 மணி நேரம் சமூக சேவை, 10 ஆயிரம் டாலருக்கு மேல் அபராதம். புழுவை விட்டவருக்குத் தண்டனை கிடைத்தது சரி. அளவு பார்க்காமல் கதவைத் திறந்து வைத்த பழக்கத்தை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

என் தப்புதான்

ஹோர் மற்றவர்களை மட்டும் குற்றம் சொல்கிற ரகம் இல்லை. புரோகிராம் சரியா என்பதைக் கணக்குத் தேற்றம் மாதிரி நிரூபிக்க ஒரு வழியை 1969-லேயே கண்டுபிடித்தவர் அவர். அப்படி நிரூபிக்காமல் பெரிய புரோகிராம்கள் தேறாது என்பது அவர் கட்சி. 1996-ல் அவரே ஒரு கட்டுரையோடு வந்தார். நிரூபணம் இல்லாமலே இத்தனை புரோகிராம்கள் எப்படி நன்றாக ஓடுகின்றன என்பதுதான் தலைப்பு! எழுதியதை நாலு பேர் உட்கார்ந்து படித்துப் பார்ப்பது, விடாமல் சோதிப்பது, தேவைக்கு மேலேயே பாதுகாப்பு வைப்பது. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவர்கள் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள், என் பயம் கொஞ்சம் அதிகம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

2000-ம் ஆண்டில் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. அதன் பிறகும் மேடையில் தன் குற்றப் பட்டியலைச் சொல்வதை அவர் விடவில்லை.

2009-ல் லண்டனில் ஒரு கூட்டம். அப்போது வயது 75. அன்றைய பேச்சின் தலைப்பே அவர் செய்த '100 கோடி டாலர் தவறு'.

1965-ல் ஒரு மொழியைத் திட்டமிடும்போது, 'நல்' என்று ஒன்றைச் சேர்த்தார். இங்கிலீஷில் 'ஒன்றுமில்லை' என்று அர்த்தம். ரிக்கார்டு ரூம் ரிஜிஸ்டரில், பைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று எழுதுகிற கட்டத்தை வெறுமனே விடுவது மாதிரி. கட்டம் காலியா என்று பார்த்துவிட்டுப் போகிற பியூனுக்குத் தொல்லை இல்லை. பார்க்காமல் போகிறவர் இல்லாத அலமாரியில் முட்டிக்கொள்வார். புரோகிராமும் அப்படியே முட்டிக்கொண்டு சாகும்.

எதற்காகச் சேர்த்தார்? செய்வது சுலபமாக இருந்தது, ஆசையை அடக்க முடியவில்லை என்று அவரே சொன்னார். பிறகு வந்த மொழிகள் பலவும் அதைக் காப்பியடித்தன. 40 வருடத்தில் அதனால் உலகத்துக்கு 100 கோடி டாலர் நஷ்டம் ஆகியிருக்கலாம் என்பது அவர் போட்ட உத்தேசக் கணக்கு. இந்தக் காலத்தில் சில புதிய மொழிகள், கட்டம் காலியா என்று பார்க்காத புரோகிராமை ஏற்றுக்கொள்வதே இல்லை.

பழைய மொழிகளும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 2025-ம் வருடம் ஜூன் 12-ந்தேதி கூகுள் கம்பெனியின் கம்ப்யூட்டர் சேவைகள் பல நாடுகளில் மணிக்கணக்கில் திணறின. அதை நம்பியிருந்த பாட்டுக் கம்பெனி, அரட்டைக் கம்பெனி எல்லாம் கூடவே விழுந்தன. கூகுள் கொடுத்த விளக்கம்: ஒரு விதிமுறைப் பதிவில் சில கட்டங்கள் காலியாக இருந்தன. புரோகிராம் பார்க்காமல் போய் 'நல்'லில் முட்டிக்கொண்டது.

கிரவுட்ஸ்டிரைக் விவகாரத்தில் மேல் நடவடிக்கை உடனே எடுக்கப்பட்டது. விபத்து நடந்த ஆறாம் நாள், 2024 ஜூலை 25-ந்தேதி, அந்த இடத்தில் எல்லைச் சோதனை சேர்க்கப்பட்டது.